வில்கின்சனின் உதை: கோல் உதைக்கவும் டிராப் கோல் அடிக்கவும் பழகும் முறை

இங்கிலாந்து ரக்பி வீரர் ஜானி வில்கின்சன் இடது காலால் உதைப்பவர். ஆனால் 2003 நவம்பர் 22 அன்று சிட்னியில் ரக்பி உலகக் கோப்பையை இங்கிலாந்துக்கு வாங்கித் தந்த டிராப் கோலை (கையிலிருந்து பந்தைத் தரையில் விட்டு, அது எழும் கணத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அவர் வலது காலால் அடித்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். மிச்சம் இருந்தது அரை நிமிடத்துக்கும் குறைவு. அதே ஆட்டத்தில் அதற்கு முன் அவர் முயன்ற மூன்று டிராப் கோல்களும் தவறியிருந்தன. நான்காவது உள்ளே போனது, ஆஸ்திரேலியா 17-20 என்று தோற்றது.

அந்த உதையைப் பிறவித் திறமை என்று ஒதுக்கி வைத்தால் அவரிடம் கற்க ஒன்றும் மிஞ்சாது. அவர் விட்டுச் சென்றது ஒரு செய்முறை. பந்தை எப்படி நிறுத்துவது, எங்கே பார்ப்பது, ஊன்றுகால் எங்கே விழ வேண்டும், பாதத்தின் எந்த எலும்பு பந்தைத் தொட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தன் பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட்டுடன் பல ஆண்டுகள் செதுக்கி எடுத்தார். அதை வரிசையாகப் பழகலாம். பலவீனமான காலையும் சேர்த்துப் பழகலாம்.

முதலில் அவருடைய ஆட்ட வாழ்க்கையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1979 மே 25 அன்று இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தார். 18 வயதில், 1998 ஏப்ரலில் அயர்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். இரண்டே மாதத்தில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து 0-76 என்று நொறுங்கியபோது ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை-ஹாஃப் இடத்தில் ஆடியவர் இவர்தான். 1999 உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவின் யானி டி பீர் ஐந்து டிராப் கோல் அடித்து இங்கிலாந்தை வெளியேற்றியபோது வில்கின்சன் தொடக்க அணியில் இல்லை, மாற்று வீரராகத்தான் இருந்தார். நான்கு ஆண்டு கழித்து, 2003 அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக இங்கிலாந்து எடுத்த 24 புள்ளிகளும் அவர் ஒருவரே எடுத்தவை: ஐந்து பெனால்டி (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் கோல் உதை), மூன்று டிராப் கோல். இங்கிலாந்துக்காக 91 ஆட்டம், 1,179 புள்ளி. பிரிட்டிஷ், ஐரிஷ் வீரர்களின் கூட்டு அணியான லயன்ஸுக்காக ஆறு டெஸ்ட், 67 புள்ளி. சர்வதேசப் போட்டிகளில் 36 டிராப் கோல், அதில் 14 உலகக் கோப்பைகளில். நியூசிலாந்தின் டேன் கார்ட்டர் பிறகு மொத்தப் புள்ளியில் அவரைத் தாண்டினார். டிராப் கோலில் தாண்டவில்லை.

பந்தும் டீயும்

பெரியவர்கள் ஆடுவது 5-ஆம் அளவுப் பந்து. நீளம் 28 முதல் 30 செ.மீ., எடை 410 முதல் 460 கிராம். 10 முதல் 14 வயதுக்குள் இருப்பவர்கள் 4-ஆம் அளவில் பழகட்டும். சின்னப் பிள்ளைகள் பெரிய பந்தை உதைத்தால் தூரத்துக்காக உடலைப் பின்னால் சாய்க்கக் கற்றுக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் பின்னாளில் போகாது.

காற்றழுத்தம் 9.5 முதல் 10 பி.எஸ்.ஐ. சைக்கிள் பம்பும் ஊசியும் போதும், ஆனால் அழுத்தமானி கட்டாயம் வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்துச் சரி என்று சொல்வது பழக்கப்பட்டவர்களையே ஏமாற்றும். காலையில் 10 காட்டிய பந்தை வெயிலில் விட்டால், உள்ளே இருக்கும் காற்று 20 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது அழுத்தம் 11-ஐத் தாண்டிவிடும். உதைக்கும் முன் அங்கேயே அளந்து பாருங்கள். பயிற்சிக்கு நான்கைந்து பந்து இருந்தால் எல்லாம் ஒரே வகையாக, ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். மேற்புறத்தில் உள்ள சிறு புள்ளிகள் மழுங்கிய பந்து மழையில் பாதத்தில் வழுக்கும்.

பந்துக்குப் பந்து வித்தியாசம் இருக்கும் என்பதற்கு 2011 உலகக் கோப்பை சாட்சி. வில்கின்சனே அர்ஜென்டினாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஐந்து உதைகளைத் தவறவிட்டார். பிறகு ருமேனியா ஆட்டத்தில் கன்வர்ஷனுக்கு (ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் கோல் உதை) முன் பந்தை மாற்றிக் கொடுத்ததற்காக ஆல்ரெட்டும் இன்னொரு பயிற்சியாளரும் அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்தில் அனுமதிக்கப்படவில்லை. ட்ரை, அதாவது எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது, எந்தப் பந்தால் போடப்பட்டதோ அதே பந்தால்தான் கன்வர்ஷன் உதைக்க வேண்டும் என்பது விதி. அதனால் பயிற்சியிலும் பிடித்த பந்தைத் தேடி எடுக்காதீர்கள். கைக்கு வந்ததை உதையுங்கள்.

டீ, அதாவது உதைக்கும் முன் பந்தை நிறுத்தி வைக்கும் சிறு தாங்கி, நடுத்தர உயரத்தில் இருக்கட்டும். உயரமான டீ தொடக்கத்தில் சுகமாக இருக்கும், ஆனால் பந்தின் மிகக் கீழே அடிக்கப் பழக்கிவிடும். ஒருமுறை தேர்ந்தெடுத்த டீயை மாற்ற வேண்டாம்.

கம்பங்கள் இல்லாத இடத்தில்

ரக்பி கம்பங்களுக்கு நடுவே இடைவெளி 5.6 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 3 மீட்டர். சென்னைக்கு வெளியே பெரும்பாலான ஊர்களில் கால்பந்து கோல்தான் இருக்கும். அது 7.32 மீட்டர் அகலம், 2.44 உயரம். அதற்குள் போனதையெல்லாம் கணக்கில் எடுத்தால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள். இரண்டு நீளமான சவுக்குக் கம்புகளை 5.6 மீட்டர் இடைவெளியில் நட்டு, 3 மீட்டரில் ஒரு கயிறு கட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் கால்பந்து கோலின் ஒற்றைக் கம்பத்தையே குறியாக வைத்து உதையுங்கள். உண்மையில் இது மேலான பயிற்சி. பந்து ஒரு கம்பத்தின் திசையில் போகும் அளவுக்கு உதை நேரானால் 5.6 மீட்டர் இடைவெளி அகலமாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

குறி

"நடுவில் அடி" என்பது குறி ஆகாது. ஆல்ரெட் வில்கின்சனுக்குக் கொடுத்த உத்தி, கம்பங்களுக்குப் பின்னால் பார்வையாளர் இருக்கையில் டோரிஸ் என்ற கற்பனைப் பெண்மணியை உட்கார வைப்பது. உதை அவர் கையில் இருக்கும் கோக் டப்பாவை நோக்கிப் போக வேண்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் இதில் இரண்டு நன்மை உண்டு. குறி ஓர் அங்குலத்துக்குச் சுருங்குகிறது. அது கம்பங்களைத் தாண்டி வெகுதூரத்தில் இருப்பதால், குறுக்குக் கம்பத்தோடு உதையை முடித்துக்கொள்ளாமல் முழு வீச்சில் அடிக்கிறீர்கள். உங்கள் மைதானத்தில் கம்பங்களுக்குப் பின்னால் ஒரு மரக்கிளையோ, தண்ணீர்த் தொட்டியின் மூலையோ இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கன்வர்ஷன் எங்கிருந்து உதைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ட்ரை போட்ட இடத்துக்கு நேர் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். கம்பங்களின் நடுவிலிருந்து 15 மீட்டர் தள்ளி ட்ரை விழுந்தது என்று வையுங்கள். கோல் கோட்டிலிருந்து 5 மீட்டரில் நின்றால் கம்பங்களுக்கு இடையே தெரியும் கோணம் 6.6 டிகிரிதான். 15 மீட்டரில் 10.8 டிகிரி, அதுதான் உச்சம். 25 மீட்டரில் 9.4, 40 மீட்டரில் 7. உச்சக் கோணம் கிடைக்கும் இடத்தில் பந்து சீக்கிரமே உயர வேண்டியிருப்பதால், 20 முதல் 25 மீட்டர் வரை பின்னால் போவது நல்லது. கோணத்தில் இழப்பது சொற்பம், உதையை அவசரமாகத் தூக்க வேண்டியதில்லை. எதிரணி ஓடி வந்து மறிக்கவும் நேரம் போதாது. கன்வர்ஷனில் நீங்கள் ஓட ஆரம்பித்ததும் அவர்கள் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வரலாம். பெனால்டியில் அசையாமல் நிற்க வேண்டும்.

நிறுத்துவதும் பின்னால் நடப்பதும்

இனி வருவது வலதுகால் உதையாளருக்கு. இடதுகாலர்கள், வில்கின்சனைப் போலவே, பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்தின் தையல் கோடு ஒன்று உங்கள் குறியை நேராகப் பார்க்கும்படி டீயில் நிறுத்துங்கள். மண்டியிட்டுப் பின்னாலிருந்து துப்பாக்கிக் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணால் சரிபாருங்கள். பந்து நிமிர்ந்து, மேல்முனை மிகச் சற்றே கம்பங்களின் பக்கம் சாய்ந்து இருந்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். அதிகம் சாய்த்தால் பந்து தாழப் பறக்கும். உங்கள் பக்கம் சாய்த்தால் உயரும், தூரம் போகாது.

அடுத்து, உதைக்கும் கணத்தில் எப்படி நிற்பீர்களோ அப்படியே பந்துக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். இடது பாதம் பந்துக்கு இணையாகவோ ஓரிரு அங்குலம் பின்னாலோ, பக்கவாட்டில் 20 முதல் 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அங்கிருந்து குறிக்கு நேர் எதிர்த்திசையில் நான்கு காலடி பின்னால், பிறகு இடப்பக்கம் இரண்டு காலடி. அடிகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறலாம், ஆனால் உங்களுக்குள் அது மாறவே கூடாது. உதை தவறும் நாளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். களைப்பில் அடி சுருங்கும், ஊன்றுகால் பந்தை எட்டாமல் பின்னாலேயே விழும்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற நிலை: முழங்கால் மடித்து, உடல் முன்சாய்ந்து, இரண்டு கைகளும் மார்புக்கு முன்னால் கோத்திருக்க வில்கின்சன் நிற்பார். உலகெங்கும் பிள்ளைகள் அதை அப்படியே நடித்துப் பார்த்தார்கள். கை கோப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. கூட்டத்தின் சத்தத்தை வெளியே நிறுத்தி, கவனத்தை உடலின் நடுவுக்குக் கொண்டுவர அவர் கண்டுபிடித்த வழி அது. உங்களுக்கும் ஒரு நிலை வேண்டும்: கைகளைத் தொங்கவிட்டு ஒரு நீண்ட மூச்சு விடுவது போதும். பந்து, குறி, பந்து என்று கண்ணை நகர்த்துங்கள். கடைசிப் பார்வை பந்தில் நிற்கட்டும்.

இது முழுவதும் கடிகாரத்துக்குள் முடிய வேண்டும். பெனால்டிக்கு இப்போது 60 விநாடி. 2023 உலகக் கோப்பையில் சமோவாவுக்கு எதிராக, வில்கின்சனின் 1,179-ஐத் தாண்டி இங்கிலாந்தின் அதிகபட்சப் புள்ளியாளர் ஆன ஓவன் ஃபாரெல், அதே ஆட்டத்தில் நேரம் தாண்டியதால் ஒரு பெனால்டி உதையை இழந்தார். பயிற்சியில் ஒருவரை நிறுத்தி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். டீ வைப்பதிலிருந்து பந்து பறப்பதுவரை 40 முதல் 45 விநாடியில் முடிந்தால் காற்றடித்துப் பந்து டீயிலிருந்து விழுந்தாலும் மீண்டும் நிறுத்த நேரம் இருக்கும்.

தொடும் கணம்

ஓட்டம் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கட்டும், கடைசிக் காலடி எல்லாவற்றிலும் நீளமாக. ஊன்றுகாலின் விரல்கள் குறியைப் பார்க்க வேண்டும். இடது கை பக்கவாட்டில் நன்றாக விரிந்திருக்க வேண்டும்; அது மடங்கியிருந்தால் தோள் சுழன்று பந்தும் சுழலும்.

பாதத்தில் தொட வேண்டிய இடம், பெருவிரல் மூட்டுக்கு மேலே உள்பக்கமாக ஏறும் கெட்டியான எலும்பு. உட்கார்ந்து விரலால் தட்டிப் பாருங்கள், எங்கே சதை இல்லாமல் கல்போல் இருக்கிறதோ அதுதான். விரல்கள் கீழ்நோக்கி நீண்டு, கணுக்கால் பூட்டியதுபோல இறுகி இருக்கட்டும். பந்தில் தொட வேண்டிய இடம், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், உங்கள் பக்கம் இருக்கும் தையல் மேல்.

ஆல்ரெட் வலியுறுத்தியது தொட்ட பிறகு கால் போகும் பாதையை. வளைவாக உள்ளே வரும் கால், பந்தைத் தொட்டதும் குறியை நோக்கி நேர்க்கோட்டில் போக வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில ஜே எழுத்து தெரியும். கால் உடலுக்குக் குறுக்கே சுற்றிப் போனால் பந்தும் சுற்றும். உதைத்த வேகத்தில் உடலும் குறியை நோக்கி ஓரிரு அடி முன்னே போகட்டும். உதைத்த இடத்திலேயே நின்றுவிட்டால் எடை பந்துக்குள் போகவில்லை என்று அர்த்தம்.

தவறும்போது பந்து எப்படிப் பறந்தது என்று பார்த்தாலே காரணம் பிடிபடும். இடப்பக்கம் வளைந்தால் கால் குறுக்கே சுற்றியிருக்கிறது, அல்லது இடது தோள் சீக்கிரம் திறந்திருக்கிறது. வலப்பக்கம் நழுவினால் ஊன்றுகால் பந்துக்கு மிக அருகில் விழுந்து, பாதத்தின் வெளிப்பக்கம் பட்டிருக்கும். உயரமாக எழும்பித் தூரம் போகாவிட்டால் ஊன்றுகால் பின்னால், உடல் சாய்வாக. தாழ்வாகப் பாய்ந்தால் ஊன்றுகால் பந்தைத் தாண்டி முன்னால். பந்து முனைமேல் முனையாகச் சுழலாமல் தள்ளாடிப் போனால் தையலில் படவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். ஐந்தையும் சேர்த்து நினைத்துக்கொண்டு ஓடினால் ஆறாவது ஒன்று கெடும்.

டிராப் கோல்

பந்து தரையைத் தொட்டு எழும் கணத்தில் உதைபட வேண்டும். அதற்கு முன் கால் பட்டால் செல்லாது. கற்க இதுதான் கடினம், ஏனென்றால் இங்கே டீயின் வேலையை உங்கள் கைகள் செய்கின்றன.

இரண்டு கைகளாலும் பந்தின் பக்கவாட்டைப் பிடித்து நிமிர்த்துங்கள், மேல்முனை சற்றே உங்கள் பக்கம். உதைக்கும் காலுக்கு நேர் முன்னால், இடுப்புக்குக் கீழிருந்து விடுங்கள். மேலே வீசாதீர்கள். கைகளை விலக்கினால் போதும். முனை தரையில் பட்டு உங்கள் பக்கமே லேசாக எழும். தரைபடும் சத்தமும் உதையின் சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்க வேண்டும். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் தாமதித்துவிட்டீர்கள், பந்து கணுக்காலில் பட்டுத் தாழ்ந்து போகும்.

முதல் வாரம் உதையே வேண்டாம். பந்தை விட்டு, அது முனையில் விழுந்து நேராக எழுகிறதா என்று மட்டும் பாருங்கள். பத்தில் எட்டு நேராக எழுந்த பிறகு 10 மீட்டரில், ஓட்டமில்லாமல், ஒரே எட்டில் உதையுங்கள். 20 மீட்டருக்குப் போகும்போது எதிரே ஒருவரைக் கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொல்லுங்கள். ஆள் வராமல் பழகிய டிராப் கோல் ஆட்டத்தில் உதவாது.

சிட்னி உதை எப்படி அமைந்தது என்பதை ஒவ்வொரு அணியும் படிக்க வேண்டும். ஸ்டீவ் தாம்சன் லைன்அவுட்டின் (வெளியே போன பந்தை ஓரக் கோட்டிலிருந்து வரிசையாக நிற்பவர்களிடம் எறிவது) கடைசிக்கு நீளமாக எறிந்தார், லூயிஸ் மூடி பிடித்தார். மைக் கேட் நேராக மோதி ஆட்டத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார். குவியலிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் மேட் டாசன் இடைவெளி பார்த்துத் தானே ஓடி மேலும் பல மீட்டர் எடுத்தார். ஆனால் இப்போது டாசன் குவியலுக்கு அடியில் கிடக்கிறார், துல்லியமாகப் பந்து கொடுக்க வேண்டியவரே அவர்தான். கேப்டன் மார்ட்டின் ஜான்சன் இன்னொருமுறை பந்தை வாங்கி மோதினார். டாசன் எழுந்து தன் இடத்துக்கு வர அந்த ஒரு மோதல் நேரம் தந்தது. அதன் பிறகே பந்து சுமார் 30 மீட்டர் தூரத்தில் நின்ற வில்கின்சனிடம் போனது. உதைப்பவர் ஒருவர் என்றாலும் நடுவுக்கு வருவது, ஒரு மோதல் காத்திருப்பது, சரியான ஆள் பந்து கொடுப்பது மூன்றும் அணியின் வேலை. இதைத் தனிப் பயிற்சியாகவே செய்யுங்கள்: லைன்அவுட், மூன்று மோதல், உதை. வாரம் ஒருமுறை பத்துத் தடவை.

பலவீனமான கால்

பந்து வந்த கணத்தில் வில்கின்சன் இடது காலுக்கு ஏற்றபடி உடலைத் திருப்பவில்லை. அப்படியே வலது காலால் அடித்தார். அதற்கான உழைப்பு பல ஆண்டு முன்பே நடந்திருந்தது. ஒவ்வொரு பயிற்சியிலும் நல்ல காலால் மூன்று உதைத்தால் மற்றக் காலால் ஒன்று உதையுங்கள், அதுவும் களைப்பு வருவதற்கு முன்பே. மற்றக் காலைக் கடைசியில் வைத்தால் களைத்த உடல் தப்பான அசைவையே மனப்பாடம் செய்யும். தூரம் பாதியாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு அதன் தூரத்தைக் கூட்டவே வேண்டாம், நேர் வந்தால் போதும்.

எவ்வளவு, எப்போது நிறுத்துவது

இந்த இடத்தில் வில்கின்சனை அப்படியே பின்பற்றாதீர்கள். மனத்துக்குத் திருப்தி வரும்வரை மைதானத்தை விட்டுப் போகாதவர் அவர். அந்தப் பிடிவாதம் தன்னைப் பதற்றத்திலும் மன அழுத்தத்திலும் தள்ளியதை அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கழுத்து, தோள், முழங்கால் என்று காயங்கள் தொடர்ந்ததில், 2003 இறுதிப் போட்டிக்குப் பிறகு 2007 பிப்ரவரிவரை இங்கிலாந்துக்காக அவர் ஆடவே இல்லை. திரும்பி வந்த ஆட்டம் ஸ்காட்லாந்துக்கு எதிரான கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் கலைந்துபோன ஒரு ரக்பி கிளப் தன் வங்கிக் கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. அன்று 27 புள்ளி எடுத்தார். பிறகு பிரான்சின் துலோன் கிளப்புக்குப் போய் 2013, 2014 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 2014 மே 31 அன்று பிரெஞ்சு லீக் இறுதியில் காஸ்த்ரை வென்று, 35 வயதில் ஓய்வுபெற்றார்.

தொடங்குபவருக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு 25 முதல் 30 உதை போதுமானது. பத்து நிமிடம் மெல்ல ஓடி, இடுப்பையும் தொடை இடுக்கையும் தளர்த்திய பிறகே முதல் உதை. முதல் எட்டு உதை 15 மீட்டரில், பாதி பலத்தில். அடுத்த பத்து, ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து. ஒரே இடத்தில் பத்து உதைத்தால் பத்தாவது கண்ணை மூடிக்கொண்டே போகும், ஆனால் ஆட்டத்தில் ஒவ்வொரு உதையும் முதல் உதைதான். மீதி, மற்றக் காலும் டிராப் கோலும்.

ஒரு நோட்டில் இடம், காற்று, பந்து போன விதம், பாதத்தில் பட்ட இடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். உள்ளே போனதா என்பதைவிடப் பாதத்தில் பட்ட இடம் முக்கியம். தப்பாகப் பட்டு உள்ளே போன உதையைத் தவறாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்து, அது முடிந்ததும் நிறுத்துங்கள், கடைசி உதை கோணிப் போயிருந்தாலும். தொடை இடுக்கில் இழுப்புத் தெரிந்தால் அன்றைய உதை அதோடு முடிந்தது. மறுநாள் படி ஏறும்போதும் அந்த இழுப்பு இருந்தால் ஒரு வாரம் ஓட்டம் மட்டும் போதும். அதற்குப் பிறகும் இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் மீண்டும் டீயை எடுக்க வேண்டும்.